புத்தகப் பெரட்டு

முதல் நாள் நாற்பது விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்ட ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பதவி உயர்வு, பிள்ளைக்காம்பராவில் கதை வாசிப்பது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. குழந்தைகள் ஒன்பது. அவர்களைப் பார்த்துக்கொள்ள மல்லிகா. நோர்வூட்டில் புத்தகக் கடை வைத்திருக்கும், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் இரண்டு வருடம் கெஞ்சி, பதினொரு படப் புத்தகங்கள் கொண்ட பெட்டியை வாங்கி வந்தவள் அவள்தான்.

"ஒரு மாசம் பாருங்க கிளாக்கர்," என்றார் நானா. "புள்ளைகள் தொடல்லண்டா பெட்டி லிந்துலைக்குப் போகும். அங்கயும் கேக்குறாங்க."

முதல் வாசகர் தர்ஷினி. வயது இரண்டே கால், பற்கள் பதினாறு. பற்களை எண்ண நேர்ந்த காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கண்ணாடியைத் துடைத்து, அட்டையில் இருந்ததை எல்லாம் வாசித்து, முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் வாசகர் எழுந்து போய்விட்டார். நாற்பது விநாடி.

உறை

நான் என்ன குறை வைத்தேன்? அழுக்குப் படக்கூடாதென்று பதினொன்றுக்கும் பழுப்புத்தாள் உறை போட்டு, இலக்கம் ஒட்டி, வரிசையாக அடுக்கியிருந்தேன். மல்லிகா பார்த்தாள்.

"கிளாக்கரய்யா, எல்லாம் ஆபீஸ்ல பேர் பதியிற செக்ரோல் மாதிரியே இருக்குங்க. பெரியவங்களே அதப் பாத்தா பயப்படுவாங்க."

"புத்தகம்னா மரியாத வேணும்மா."

"ரெண்டு வயசுக்கு மரியாத வேணாம்ங்க, படம் வேணும்."

உறைகளைக் கழற்றினேன். மரியாதை போனதும் தர்ஷினி நெருங்கி வந்தாள். நான் முதல் வரியை முடிப்பதற்குள் ஏழாம் பக்கத்துக்குத் தாவினாள். பிறகு முயலின் படத்தைக் கிழித்துத் தின்றுவிட்டாள். பற்களை அப்போதுதான் எண்ணினேன்.

பெரட்டு

மூன்றாம் வாரம் பொறுமை தீர்ந்தது. கதையை மூடிவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பக்கத்தைத் திருப்பி, பெயர் வாசிக்கும் குரலில் கூப்பிட்டேன்.

"யானை?"

மூலையில் பந்து உருட்டிக்கொண்டிருந்த தர்ஷினி திரும்பினாள். "இக்கேன்!"

தினமும் காலையில் தாயின் இடுப்பில் அவளும் பெரட்டுக்குப் போகிறவள். ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும் அவர்கள் "இருக்கேன்" என்பதும் பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வந்த கதை. அது எனக்குத் தோன்ற மூன்று வாரம் ஆகியிருக்கிறது. இதற்குத்தான் என்னைப் படித்தவன் என்கிறார்கள்.

"மாடு?"

"இக்கேன்!"

"முயல்?"

வாயைத் திறந்து காட்டினாள். முயல் உள்ளே.

மறுநாள், "யானை ஏன் லேட்டு?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "தண்ணி," என்றாள். ஆற்றில் குளித்துவிட்டு வந்ததாம். அவ்வளவுதான் கதை. மற்ற எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்த வாரம் அதே புத்தகத்தை இருபத்து மூன்று முறை படித்தோம். மற்றப் பத்தும் பெட்டியில் ஓய்வெடுத்தன.

காய்ச்சல்

நானா வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் நிலவரத்தைக் கணக்கெடுத்தேன். கிழிந்த பக்கம் நான்கு, விழுங்கிய முயல் ஒன்று, தொடாத புத்தகம் பத்து. வெள்ளிக்கிழமை காலை எனக்குக் காய்ச்சல் என்று மல்லிகாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். உடல் வெப்பம் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு.

சனிக்கிழமை மல்லிகா என்னைப் பாதையில் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் விட்டுருச்சுங்களா?"

"பரவால்ல. பெட்டி போயிருச்சா?"

"நானா ஒங்க நாக்காலில உக்காந்து வாசிச்சாரு. தர்ஷினி அவரு கையிலருந்து புத்தகத்தப் புடுங்கிக் கீழ வச்சு, பெரட்டு வச்சுட்டா. யானன்னா எல்லாப் புள்ளையும் இக்கேன்னுது. முயலுக்கு வயித்தத் தட்டிக் காமிச்சா."

"ஐயோ! அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. கடைசில அவ வாசலப் பாத்து, தாத்தான்னு கூப்பிட்டா. யாரும் இக்கேன் சொல்லல. திருப்பியும் கூப்பிட்டா."

"ம்."

"'கிளாக்கருக்கு இன்டைக்கி ஆப்சன்'ண்டு சொல்லிப்போட்டு நானா எந்திரிச்சுட்டாரு. பெட்டி இங்கயே இருக்கட்டுமாம். அடுத்த மாசம் வேற முயல் கொண்டாறாராம்."

காய்ச்சல் என்று சொல்லி வராதவர்கள் எத்தனையோ பேருக்கு நான் செக்ரோலில் 'வரவில்லை' என்று ஆப்சன் போட்டிருக்கிறேன். யாருக்கு எத்தனை டிகிரி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டே கால் வயதுக்காரி எனக்குப் போட்டது சரியான ஆப்சன்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிற இளையவர்களே, உறை போடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் பேசாதீர்கள். கிழிந்த பக்கத்தை எண்ணிக்கொண்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். எண்ணியவனாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கால் மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். யானை, மாடு, குரங்கு என்று தர்ஷினி வரிசையாகக் கூப்பிட்டாள். பதினான்காவதாக என் முறை வந்தது.

"தாத்தா?"

"இருக்கேன்," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, பெட்டியிலிருந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள்.