ஊரை அமைதியாக்கும் உத்தியோகம்

கத்திப் பிழைத்த மனுஷனுக்கு, சத்தம் போடாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லும் வேலை கிடைத்தது. காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் கூவி விற்ற பஷீர் அகமதுவை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் லால்குடிப் பக்கம் எண்ணெய் தேட வந்த சர்வே கேம்ப்பில் தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள். வரப்பு நெடுக ஜியோபோன் என்ற சின்னக் கருவிகளை மண்ணில் குத்திவைத்து, ஆழக் குழியில் வெடி போடுவார்கள். அதிர்வு அடிப்பாறையில் பட்டுத் திரும்புவதை வேனிலிருக்கும் மெஷின் காகிதத்தில் கோடாக இழுக்கும். பக்கத்தில் மாட்டுவண்டி போனாலும் கோடு கெட்டுவிடும். அதனால் வெடிக்கு முன்னால் ஓடிப்போய் வண்டியை, பம்புசெட்டை, உலக்கையை நிறுத்துவது பஷீரின் பொறுப்பு.

"அக்கா, ஒரு நிமிஷம் உலக்கையை வைங்களேன்" என்பார், வைத்துவிடுவார்கள். அவர் கேட்டு யாரும் மறுத்ததில்லை. "ஊரையே அடக்குறீங்க, உங்க வாயை யாரு அடக்குறது?" என்று பெண்டாட்டி வஹீதா கேலி செய்வாள். ஆனாலும் வேலை பெர்மனன்ட் ஆகவேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டது அவள்தான்.

ஒருநாள் குழியில் வெடியை இறக்கியாகிவிட்டது. கருவி வரிசையை ஒட்டி ஒரு எழவு வீடு. கல்யாணமாகாத மகனைப் பறிகொடுத்த மயிலம்மாள் தரையில் அறைந்து அறைந்து அழுதுகொண்டிருந்தாள். என்ஜினீயர் கிளமென்ட் கையைப் பிசைந்தார்.

"இறக்கின வெடியை எடுக்க முடியாது, பாய். நீங்க சொன்னா கேப்பாங்க."

பஷீர் போனார். "தாயி, ஒரே ஒரு நிமிஷம்" என்றார். மயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெடி வெடித்தது.

அன்றைய கோடு அவ்வளவு சுத்தம். "உங்களைப் பெர்மனன்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்" என்று கிளமென்ட் முதுகில் தட்டிக்கொடுத்தார். துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன், அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. பாழாய்ப்போன எண்ணெய் எங்கே ஓடிவிடப் போகிறது? பெற்றவளை அழக்கூட விடவில்லையே என்று அவருக்கு நெஞ்சு ஆறவில்லை.

உத்தரவு வருவதற்குள் புது மெஷின் வந்துவிட்டது. அது டேப்பில் பதிவு செய்யும். ஒரே இடத்துக்குப் பல வெடிகள் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால், பூமிக்குள்ளிருந்து வருவது பலப்படும், மேலே கிளம்பும் சத்தம் கரைந்துபோகும்.

"இனிமே யாரையும் நிறுத்த வேண்டியதில்லை, பாய்" என்றார் கிளமென்ட், முகத்தைப் பார்க்காமல். வேலை போய்விட்டது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

பஷீர் கேட்டார்:

"எழவு வீட்டுலயும் போய்ச் சொல்ல வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"அப்ப அது நல்ல மெஷினுங்க" என்றார் பஷீர்.