கோட்டைக்குள் இருந்த சனம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த, பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் எங்கள் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு கோட்டையை வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. கணவன் ஊரில் இல்லாதபோது கோட்டையைக் காத்துப் போரிட்ட ஒரு சீமாட்டியைப் பற்றி அவள் வகுப்பில் பிரெஞ்சில் பேச வேண்டும். எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

“எதிரியள் மாதக்கணக்கா சுத்தி நிண்டவை. அவ கதவைத் திறக்கவே இல்லை.”

“கெட்டிக்காரி,” என்றேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள். “உள்ளுக்கை இருந்த சனம் என்னத்தைச் சாப்பிட்டது?”

மகள் புத்தகத்தைப் புரட்டினாள். “அது இதிலை இல்லை, அம்மா.”

“சின்னப் பிள்ளையளும் இருந்திருக்குமே. அதுகளுக்குப் பால்மா?”

எங்கள் நாட்டில் நடந்த போரின் கடைசி மாதங்களில் முற்றுகைக்குள் அகப்பட்டு, அங்கே தம்பியைப் பறிகொடுத்தவள் என் மனைவி. பதின்மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை. நான் போருக்கு நடுவிலேயே இங்கே வந்துவிட்டவன். கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றியதில்லை.

அவள் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

“அப்பா, நான் பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ?”

“இல்லையம்மா.”

“அப்ப அம்மா ஏன் அழுறா?”

கதவடியில் போய் நின்றேன். தட்டக் கை எழுந்தது. தட்டாமலே திரும்பி வந்தேன்.

மகள் நன்றாகப் பேசினாள் என்று மறுநாள் ஆசிரியை எழுதியனுப்பியிருந்தார். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

“நல்லது,” என்றாள்.

அன்றும் நான் எதுவும் கேட்கவில்லை.