‘ஆன் த வே’யும் ஒரு தலைவலி மாத்திரையும்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது. புதுச்சேரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வருகிறாள். தலத்தெருவில் வீட்டைப் பூட்டிவிட்டு, அவளை அழைத்துவர ஸ்கூட்டியில் போய் நின்றேன்.

மகளிடம் எதைக் கேட்டாலும் மெசேஜில் இங்கிலீஷ் துண்டு ஒன்று வரும். எப்போது வருவாய் என்றால் ‘சூன்’. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றால் ‘மோஸ்ட் ஆஃப் த டைம்’. நானும் டிகிரி படித்தவள்தான், அர்த்தம் புரியும். ஆனால் அந்த வார்த்தைகள் எதுவும் மணி காட்டாது.

அன்றும் அழைத்தால் எடுக்கவில்லை. அது வழக்கம்தான். எங்கே இருக்கிறாய் என்று மெசேஜ் போட்டதும் ‘ஆன் த வே’ வந்தது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் ‘எனி மினிட் நௌ’. காலையில் தலைவலி என்றாளே, எப்படி இருக்கிறது என்றேன். ‘ஆன் அண்ட் ஆஃப்’. பாவம், விட்டு விட்டு வலிக்கிறது போல என்று எதிர்க்கடையில் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

புதுச்சேரி பஸ்கள் வந்து வந்து போயின. அவள் மட்டும் இறங்கவில்லை. எங்கே வந்துவிட்டாய் என்று மறுபடியும் மெசேஜ் போட்டேன்.

அப்போது எதிர்வீட்டு அக்கா போன் செய்தார்.

“வீட்டப் பூட்டிட்டு எங்கங்க போனீங்க? உங்க பொண்ணு வாசப்படில உக்காந்திருக்கு. போனை பஸ்ஸுலயே விட்டுட்டு, ஸ்டாண்டுக்கு முன்னாடியே எறங்கி ஆட்டோவுல வந்துச்சாம். உங்க நம்பர் மனசுல இல்லியாம்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே என் போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து மெசேஜ். ‘ஆல்மோஸ்ட் தேர்.’

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேனோ தெரியாது. அவளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவள் போனுக்கு அடித்தோம். திருநள்ளாற்றில் ஒரு பூக்கடைக்காரர் எடுத்தார். அங்கே போனால், அவரிடம் கொடுத்துப் பேசச் சொன்ன, என் வயதுள்ள ஒரு அம்மா, போனை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கோயிலுக்கு அதே பஸ்ஸில் வந்தவர்.

“எடுக்கத் தெரியலைம்மா. நீங்க ஏதாச்சும் அனுப்பினா அடியில கட்டம் கட்டமா இங்கிலீஷ்ல ஏதோ வருது. அதுல ஒண்ணத் தொட்டா கொஞ்ச நேரம் அடிக்காம இருக்கீங்க. அதான் தொட்டுக்கிட்டே வந்தேன். இப்ப எனக்குத் தலையே வலிக்குது.”

வாங்கிய மாத்திரையை அவரிடமே கொடுத்தேன்.

மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், “நானா இருந்தாலும் அதத்தாம்மா தொட்டிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெசேஜுக்கு அடியில் போன் தானாகவே எழுதிக் காட்டிய பதில்களை முன்பின் தெரியாத ஒருவர் பிற்பகல் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்க, அது என் பிள்ளை இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியவில்லையே.

இப்போதெல்லாம் அவள் பஸ் ஏறினால், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கிறேன். நேற்று, “ஒரு ஆடு மதில் மேல நிக்குதும்மா” என்று பதில் வந்தது. எப்போது வந்து சேருவாள் என்று அதிலும் இல்லைதான், ஆனால் அனுப்பியது என் மகள் என்று தெரிந்தது, காத்திருப்பதற்கு எனக்கு அது போதுமாக இருக்கிறது.