வஹீபாவின் நீலத் தொப்பி

பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் வஹீபா நர்ஸ். நரம்பு அகப்படாத கிழங்களெல்லாம் "அந்த நீலத் தொப்பிக்காரியைக் கூப்பிடு" என்று அடம்பிடிக்கும். நான் சொலான்ஜ், அதே வார்டில் படுக்கை மாற்றி, பெட்பேன் எடுக்கிறவள்.

அரசாங்க வேலையில் மத அடையாளம் கூடாது. சட்டம் அது. அதனால் வஹீபா வந்ததும் முக்காட்டைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் துணித்தொப்பியை மாட்டிக்கொள்வாள். பல வருஷம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கொரோனா சமயத்தில், "தொப்பியைக் கழட்டினா தொலைச்சிடுவேன்" என்று எல்லோரையும் விரட்டியதே தலைமை நர்ஸ் துவால் மேடம்தான்.

அதே வாய் போன வசந்தத்தில், "வார்டுல உனக்குத் தொப்பி எதுக்கு? கழட்டு" என்றது. வஹீபா கழற்றவில்லை. விசாரணை வைத்தார்கள்.

முந்தின நாள் அவளிடம் கெஞ்சினேன். "முடி கொட்டுதுன்னு சொல்லித் தொலையேன்டி! உன் புருஷனுக்கும் வேலையில்ல. வாடகைக்கு என்ன பண்ணுவ?"

"இதுக்குப் போய்ப் பொய் சொல்லணுமா அக்கா?" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசாரணையில் நிர்வாகி நேரடியாகவே கேட்டார். "மதத்துக்காகத்தான் போடறீங்களா?"

"ஆமா சார். ஆனா நோயாளிங்ககிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல."

சாட்சிக்குப் போன எனக்குப் பொறுக்கவில்லை. "நானும்தான் காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் போடறேன்! என்னை ஏன் கேக்கல?"

தைராய்டில் என் முடியெல்லாம் கொட்டிப்போனது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"உங்க விஷயம் வேற, சொலான்ஜ்."

"என்ன வேற? அதே துணி, அதே நீலம்!"

நிர்வாகி ஃபைலை மூடினார். வேலை போய்விட்டது என்று வஹீபாவிடம் சொல்லி அனுப்பினார்கள். அலமாரியைக் காலி பண்ணும்போதும் பாவி மகள், "ஏழாம் ரூம் தாத்தாவுக்கு இடது கையில குத்தச் சொல்லுக்கா, வலது கை பாவம், புண்ணாயிருக்கு" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே தொப்பி இல்லாமல் வார்டுக்குள் போனேன். நாலு முடியும் வழுக்கையுமாக நடு வராந்தாவில் நின்றேன். கழட்டு கழட்டு என்றார்களே, பார்க்கட்டும்.

துவால் மேடம் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயையோ, என்ன கோலம் இது சொலான்ஜ்! நோயாளிங்க பயந்துடுவாங்க. போ, போய் முதல்ல தொப்பியை மாட்டு!"