பறவைப் பைக்குப் போட்ட கஞ்சி

வடித்த கஞ்சியைக் கீழே கொட்டுவது எங்கள் வீட்டில் கொலைக்கு அடுத்த குற்றம். மாடு இருந்தால் மாட்டுக்கு, இல்லாவிட்டால் சேலைக்கு. அந்த ஐப்பசியில் என்னிடம் மாடும் இல்லை, நனைக்கச் சேலையும் இல்லை. பறவைப் பைகள்தான் இருந்தன.

சீவலப்பேரிக்குப் பக்கத்தில் ஒரு குளத்தங்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, திரும்பப் பறக்கவிடுகிற கூட்டம் ஒன்று பத்து நாள் கூடாரம் போட்டிருந்தது. சமையலுக்கு ஆள் வேண்டும் என்று, அவர்களுக்கு வலை கட்டிக் கொடுக்கிற அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். எங்கள் தெருக்காரர்.

"பேசாத ஆளாக் கேக்காவ மதினி. சத்தம் போட்டா குருவி கலைஞ்சிருமாம். ஒங்கள விட்டா ஊர்ல வேற யாரு இருக்கா?"

அறுபத்தெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு ஒருவழியாக எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். படித்தவர்கள் காரியத்தில் எனக்கு என்ன தெரியும்? விடிகிற நேரத்தில் கோரைப்புல் ஓரமாக, இரண்டு கம்புகளுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாத வலையைக் கட்டுவார்கள். வடக்கே பனி பெய்கிற ஏதோ தேசத்திலிருந்து மலையெல்லாம் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்த வாலாட்டிக் குருவி, எங்கள் ஊர் வலையில் வந்து விழும். அதை வெள்ளைத் துணிப்பையில் போட்டு, வாயைச் சுருக்கி, கொடியில் தொங்கவிடுவார்கள். பிறகு இறக்கையை அளப்பார்கள். வாலை அளப்பார்கள். நெஞ்சுப் பூஞ்சிறகை ஊதி விலக்கிக் கொழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை பார்க்கவில்லை. கடைசியில் எண் போட்ட மெட்டி ஒன்றைக் காலில் மாட்டி, போய் வா என்று விட்டுவிடுவார்கள்.

எடை பார்ப்பது ஒரு பிள்ளையின் வேலை. பாளையங்கோட்டைப் பெண், ஆராய்ச்சி படிக்கிறாள். குருவியைப் பையோடு தராசில் வைப்பாள். பைக்குப் பன்னிரண்டு கிராமைக் கழித்து, மீதியை நோட்டில் எழுதுவாள். நாற்பது பைகளையும் முதல் நாளே நிறுத்துப் பார்த்து, பன்னிரண்டு என்று அட்டையில் எழுதியாகிவிட்டது. தினமும் பையை நிறுக்க யாருக்கு நேரம்?

போன வருஷம் அவள் எழுதிய எடைகள் நம்பும்படி இல்லை என்று, கூட்டத்துக்குத் தலைவரான பேராசிரியர் ஐயா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இந்த வருஷமும் பிசகினால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான். அடுப்படியில் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னாள். திருப்பி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்ற தைரியம்.

நாலாம் நாள் பைகளைக் கொண்டுவந்து போட்டாள். எல்லாம் குருவி எச்சம்.

"ஆச்சி, இதக் கொஞ்சம் அலசிப் போட்டுருதியளா?"

அலசுவதாம்! வெள்ளைத் துணியை வெறுமனே அலசிக் காயப்போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சோப்புப் போட்டுக் கசக்கி, காலையில் வடித்த கஞ்சியில் முக்கி, மழை விட்ட வெயிலில் செடிமேல் விரித்தேன். ஒவ்வொரு பையும் அப்பளம் மாதிரி நின்றது.

"என்ன மதினி, குருவிக்கு மாப்பிள்ளை வேட்டி கட்டி அனுப்பப் போறியளா?" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் குருவிகள் எல்லாம் கொழுத்துவிட்டன.

பதினேழு கிராம் இருந்த சாதி பத்தொன்பது காட்டியது. முதல் நாள் வளையம் மாட்டிய குருவி ஒன்று மறுபடி வலையில் விழுந்தது. அதுவும் இரண்டு கிராம் ஏறியிருந்தது. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீரா வே! எல்லாம் தாமிரபரணித் தண்ணி! வந்து எறங்குன நாலே நாள்ல எப்படித் தேறிட்டு பாரும்!"

எங்கள் பக்கம் அல்வா ருசித்தால் தண்ணீர், அரிசி ருசித்தால் தண்ணீர், பிள்ளை சிவப்பாகப் பிறந்தாலும் தண்ணீர். குருவி மட்டும் என்ன பாவம் செய்தது?

அந்தப் பிள்ளைதான் இழுத்தாள். "ஐயா, எல்லாக் குருவியும் எப்படி ஒண்ணுபோல ரெண்டு கிராம் கூடும்?"

"எல்லாம் குடிக்கது ஒரே தண்ணிதான, பின்ன?"

சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. எல்லாக் குருவிக்கும் பொதுவாக இருந்தது தண்ணீர் மட்டும் இல்லை. கஞ்சி போட்ட சேலை இடுப்பில் எப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தெரிந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேனா? அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நின்று, "குருவி கொழுக்கவில்லை, பைதான் கொழுத்தது" என்று பேசக்கூடியவளாக இருந்தால் எனக்கு இந்த வேலையே கிடைத்திருக்காது. இரண்டு நாள் ரசம் வைத்தேன். அதற்குள் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, ஐயாவைக் குளத்தங்கரையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் நெல்லைத் தண்ணீரில் கொழுத்த வெளிநாட்டுக் குருவிகள் பேப்பரில் வந்தன. என் கஞ்சிக்கு அவ்வளவு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை.

நோட்டு மறுநாள் ஐயா கைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் எனக்கு மூளை வேலை செய்தது. பைகளைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? கொடியிலிருந்து எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வாளியோடு படித்துறைக்குப் போனேன். இரண்டு பையைக் கசக்கிப் பிழிந்திருப்பேன். அந்தப் பிள்ளை வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"ஐயா நம்புதேன்னுட்டாரு ஆச்சி. எனக்குத்தான் நம்ப முடியல. கொழுத்த குருவிக்கு நெஞ்சுல மஞ்சளாக் கொழுப்புத் தெரியணும். ஊதி ஊதிப் பாக்கேன், ஒண்ணையும் காணோம். நாளைக்கு வேற யாராச்சும் இதக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

காய்ந்த பை ஒன்றை எடுத்துக்கொண்டு கரையேறினேன். அவள் பின்னாலேயே வந்தாள். கூடாரத்து மேசையில் இருந்த தராசில் வெறும் பையை வைத்தேன்.

பதினாலு.

அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்றது. என்னைப் பார்த்தாள்.

"கஞ்சியா ஆச்சி?"

தலையாட்டினேன்.

"எத்தனையத் துவைச்சிட்டிய?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

"மத்தத தொடாதிய! தண்ணிப் பக்கமே கொண்டு போகாதிய!" என்று கத்தினாள். அந்தக் கத்தலில் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. பேசாத ஆளாகத் தேடிப் பிடித்தவர்கள்!

விஷயம் இதுதான். ஒவ்வொரு பையின் மூலையிலும் மையால் எண் போட்டிருந்தது. எந்தக் குருவி எந்த எண் பையில் இருந்தது என்பதும் நோட்டில் இருந்தது. கஞ்சியோடு பையை இப்போது நிறுத்தால் குருவியின் சரியான எடை வந்துவிடும். துவைத்துவிட்டால் ஒருநாளும் வராது. குற்றத்தை மறைக்கப் போன என் கெட்டிக்காரத்தனம் மட்டும் இன்னும் அரை மணி நேரம் நீடித்திருந்தால் அவள் படிப்பு படித்துறையோடு போயிருக்கும்.

முப்பத்தெட்டுப் பையையும் இருட்டுகிறவரை நிறுத்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று பதினாலு, ஒன்று பதின்மூன்றரை. அடிச்சட்டிக் கஞ்சியில் விழுந்த ஒன்று பதினைந்து. துவைத்த இரண்டு பையில் இருந்த ஏழு குருவிகளின் எடைமேல் மட்டும் சிவப்புக் கோடு போட்டாள்.

மறுநாள் ஐயா நோட்டைப் புரட்டினார். சிவப்புக் கோடுகளில் விரல் நின்றது. அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். நான் பானைக்குப் பின்னால் நின்றேன்.

"அப்போ... தண்ணி?" என்றார் ஐயா.

"தண்ணி நல்ல தண்ணிதான் ஐயா," என்றார் அண்ணாச்சி. "மதினி கஞ்சி அதவிடக் கெட்டி."

ஐயா தன் படம் வந்த பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார். பேப்பரைத் துவைக்க முடியாதே! பிறகு, "ஏழு எடைய அடிச்சிருக்கியே, அதனாலதான் மத்தத நம்புதேன்," என்று நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இனும பை துவைக்கது நான் ஆச்சி," என்றாள் அவள் என் காதோடு. "நீங்க சோறு மட்டும் வடிங்க."

வடித்தேன். கஞ்சியை என்ன செய்வது? உப்புப் போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். ஐயா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மேசையில் இருந்த தராசை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.