இடக்கை முடிச்சு

ஒரு முடிச்சைப் போட்டவனுக்கு, அது தன் கையை விட்டுப் போன பிறகு, எவ்வளவு தூரம் வரை அதன் மேல் பொறுப்பு உண்டு? ஜலீலின் வாழ்க்கையை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அவர் இதை இப்படி வார்த்தையாகக் கேட்டுக்கொண்டவர் இல்லை. நடந்தார். உட்கார வேண்டிய நேரங்களில் எல்லாம் எழுந்து நடந்தார்.

மதுரை கீழவாசல் பக்கம் ஒரு லாரி செட்டில், ஏற்றிய பாரத்தின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டுவது அவர் வேலை. அவருடைய அத்தா மாட்டுவண்டிகளுக்குக் கித்தான் துணியில் மூடுபாய் தைத்துக் கொடுத்தவர். லாரிகள் பெருகியதும் மகன் ஊசியை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். தார் ஏறிய கித்தான் காய்ந்தால் தகரம் போல விறைக்கும். நனைந்தால் நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். முன்பாயின் ஓரம் பின்பாயின் மேல் படிய வேண்டும். மாறிப் படிந்தால் காற்று உள்ளே புகுந்து பாயையே கிழித்துவிடும். இதெல்லாம் செட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜலீல் தொழிலில் ஒப்பற்றவர் என்று சொல்ல முடியாது. அவரை விட வேகமாகக் கட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அவர் இடக்கைக்காரர். கொக்கியில் அவர் போடும் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். சோற்றுக்கு வலது கை, பிழைப்புக்கு இடது கை என்று அவர் மனைவி மரியம் பீவி கேலி செய்வார். வண்டி எந்த ஊர் போய் நின்றாலும், பார்த்தவுடன் அது ஜலீல் கட்டியது என்று தெரிந்துவிடும். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கலாம்.

யுத்த காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் லாரிகள் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓடின. டயர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஓர் ஐப்பசியில் உப்பு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்றுக்கு ஜலீல் பாய் கட்டினார். ஓட்டிப்போனவர் பேச்சிமுத்து. பேரையூர்ப் பாதையில் பாயின் வலது பின்மூலை அவிழ்ந்து காற்றில் படபடவென்று அடித்தது. எதிரே வந்த மாட்டுவண்டியின் காளைகள் மிரண்டு, வண்டி ஓடையில் கவிழ்ந்தது. ஓட்டி வந்த காசிமாயனின் கால் சக்கரத்துக்கு அடியில் போயிற்று. அதன் மேல் ஏறாமல் ஒதுங்கப் போய் லாரியும் கல்லில் மோதி நின்றது. கூடியவர்கள் அரிவாளால் கயிறுகளை அறுத்து, அந்தத் தார்ப்பாயிலேயே காசிமாயனைக் கிடத்தித் தூக்கினார்கள். பெரியாஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

டிரைவர்கள் வழியில் பின்பக்கத்துப் பாயைத் தூக்கி, சந்தைக்குப் போகிற ஆட்களை மூட்டை மேல் ஏற்றிக்கொள்வது அப்போது ஊரறிந்த ரகசியம். தூக்க வேண்டுமானால் பின்மூலை இரண்டையும் அவிழ்த்தாக வேண்டும். பிறகு டிரைவரே கட்டுவார். ஆகவே பேச்சிமுத்து அவிழ்த்துச் சரியாகக் கட்டாமல் விட்டிருக்கலாம். அல்லது ஜலீலின் முடிச்சே நழுவியிருக்கலாம். யாராவது ஏறியிருந்தாலும் அந்தக் களேபரத்தில் இறங்கிப் போயிருப்பார்கள்.

பேச்சிமுத்து செட்டில் எல்லோர் முன்னாலும் ஜலீலைப் பார்த்துச் சொன்னார்: "நான் கயித்தப் பிரிக்கல, பாய். பிள்ளைக மேல சத்தியம். வேணும்னா ஆனையூர்ல நிக்கிற வண்டியப் போயிப் பாத்துக்கங்க."

பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. வலது மூலைக் கொக்கி வெறுமையாகிவிட்டது. ஆனால் இடது மூலையில், அறுத்த கயிற்றின் துண்டோடு முடிச்சு அப்படியே நின்றது; அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று யாரும் கவனித்திருக்கவில்லை. அது ஜலீலின் பக்கம் திரும்பியிருந்தால் பின்பாயை யாரும் தொடவில்லை, நழுவியதும் அவருடையதுதான். மறுபக்கம் திரும்பியிருந்தால் பேச்சிமுத்து சொன்னது பொய். அச்சு வளைந்த லாரியை முதலாளி ஆனையூரில் தன் தோட்டத்தில் நிறுத்திவிட்டார். மதுரையிலிருந்து நடந்து போய்த் திரும்பிவிடக் கூடிய தூரம்.

ஜலீல் ஆஸ்பத்திரிக்குப் போனார். காசிமாயன் அவரை ஏசவில்லை.

"வலி போயிரும்கிறாக. போகட்டும். எவன் மேல கோவப்படணும்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் பாய். அது தெரியாமக் கெடக்கிறதுதான் பெரும்பாடா இருக்கு."

"பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார் ஜலீல்.

சொன்னவர் போகவில்லை. போகாமலும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கிளம்புவார். வைகைப் பாலத்தில் நின்று திரும்பிவிடுவார். சில நாள் ஆற்றைத் தாண்டிச் செல்லூர் வரை போனதுண்டு. செட்டில் கட்டிய முடிச்சையே மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். புறப்பட்ட வண்டியை நிறுத்தச் சொல்லித் தெருமுனை வரை ஓடினார். திரும்பி வந்த டிரைவர்களிடம் பாய் நின்றதா என்று கேட்டுக் கேட்டு அவர்கள் பொறுமையைச் சோதித்தார். தட்டில் சோறு ஆறும். அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார்.

"இன்னைக்காவது ஆனையூர் போனீகளா?" என்று மரியம் பீவி கேட்டார்.

"பாலம் வரைக்கும் போனேன்."

"பாலத்துல என்ன முடிச்சா இருக்கு?"

உடன் வேலை பார்த்த கருப்பு, தான் போய்ப் பார்த்து வருவதாகக் கிளம்பினார். ஜலீல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போட்டது. நான்தான் பாக்கணும்" என்றார்.

தெரியாமல் இருப்பது ஒரு வேதனை. தெரிந்துவிடுமோ என்று அஞ்சுவது வேறொன்று. இரண்டும் ஒரே மனிதனுக்குள் புகுந்தால் அவன் பாதி வழி போய்த் திரும்புகிறவனாகிறான். ஜலீலை அந்த மாதங்களில் பார்த்தவர்கள் அவர் இளைத்துவிட்டதைத்தான் சொன்னார்கள்.

பங்குனியில் ஒரு பகல் அவர் ஆனையூர் போய்ச் சேர்ந்தார். தள்ளுவண்டியில் ஒட்டுப்போட்ட பழைய தார்ப்பாய் ஒன்றும் கயிறும் கொண்டுபோயிருந்தார். முதலாளி அனுப்பியதாகக் காவல்காரர் சிவனாண்டி நினைத்துக்கொண்டார். ஜலீல் வெறும் லாரியின் மேல் ஏறிப் பாயை விரித்தார். முன்பக்கம் மடித்தார், இரு பக்கமும் இழுத்துவிட்டார். கொக்கிகளில் கட்டவில்லை. கயிற்றை வண்டிக்கு அடியில் விட்டு எடுத்துக் கட்டினார்.

"உள்ள ஒரு மூட்டைகூட இல்லையே பாய். எதுக்கு மூடுறீக?" என்றார் சிவனாண்டி.

"மழை வரும்ல."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. கடைசியாகப் பின்பக்கம் போய், இடது மூலையருகே அவர் சிறிது நேரம் நின்றதாகச் சிவனாண்டி பிறகு சொன்னார். குனிந்து பார்த்தாரா என்று கேட்டதற்கு, வெயில் கண்ணில் அடித்தது, தெரியவில்லை என்றார். பழைய முடிச்சை ஜலீல் அவிழ்க்கவில்லை, அறுக்கவும் இல்லை. அதன் மேலேயே பாயை இழுத்து மூடிக் கட்டிவிட்டார்.

மறுநாள் பேரையூருக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்து காசிமாயனின் ஊருக்கு நடந்தார். காசிமாயனின் மனைவி முத்துத்தாய் கொடுத்த மோரை வாங்கிக் கீழே வைத்தார்.

"என் முடிச்சுதான்" என்றார்.

காசிமாயன் ஊன்றுகோலை நெஞ்சோடு பிடித்தபடி அவரைப் பார்த்தார். பிறகு இத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டி ஏசினார். ஏச்சு முடியும் வரை ஜலீல் நின்றார். அவ்வளவு நேரம் அவர் ஓரிடத்தில் நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

செய்தி செட்டுக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா என்று மரியம் பீவி கேட்டார். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் பாரத்தின் மேல் ஜலீல் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது பேச்சிமுத்து கீழே வந்து நின்றார். யாரும் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"அந்த முடிச்சப் பாத்தீகளா பாய்?"

ஜலீல் கயிற்றின் ஒரு நுனியை அவரிடம் இறக்கிவிட்டு, நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.