நிழல் விழாத நண்பகல்

இது நடந்தது. படங்கள் என் கணினியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நேரம் பதிந்திருக்கிறது. அழிக்க இன்னும் கை வரவில்லை.

பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றியுள்ள கல்வட்டங்களை ட்ரோனால் படமெடுத்து வரைபடமாக்குவது என் வேலை. நிழல் எங்களுக்கு எதிரி. கல்லின் விளிம்பை மறைத்துவிடும். அதனால்தான் ஏப்ரல் 20-ஐத் தேர்ந்தெடுத்தோம். அன்று நாமக்கல் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12:16-க்கு நட்ட கம்புக்குக்கூட நிழல் இருக்காது.

எருமப்பட்டிக்குக் கிழக்கே, ஜெகதீஸ்வரன் என்பவரின் மானாவாரிக் காடு. கல்வட்டத்தின் நடுவில் தண்ணீருக்குப் போர் போட மறுநாள் ரிக் வண்டி வருகிறது. அதற்குள் தொல்லியல் துறைக்கு வரைபடத்தை அனுப்பினால் தடை வாங்கலாம். இல்லையென்றால் கற்கள் போய்விடும். அனுமதிக் கடிதத்தைப் பார்த்ததால் அவர் எங்களைத் தடுக்கவில்லை.

“எடுங்க, எடுங்க. கல்லு கில்லுன்னு எழுதிப் போர நிறுத்துனீங்கன்னா, ரெண்டு பேரும் ஊடு போய்ச் சேர மாட்டீங்க.”

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

12:11. ஆனந்தகுமார் ட்ரோனை ஏற்றினான். கல்லூரியிலிருந்தே என் கூட்டாளி. ஙொய்ங்ங்… அவன் வரப்பில் நின்றான். நான் இருபதடி தள்ளி, வந்து விழும் படங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12:13. வட்டத்தின் நடுவே ஒரு நிழல். நீளமாக. ஆள் வடிவில்.

நிமிர்ந்து பார்த்தேன். வெறும் மண்.

“ஆனந்த், அங்க நிழல் ஏதாச்சும் விழுதா?”

“இன்னிக்கி எப்படிரா விழும்? மண்டை காஞ்சிருச்சா?”

12:14. நிழல் கற்களைத் தாண்டியிருந்தது.

12:15. வரப்பில்… அவன் செருப்பைத் தொட்டபடி.

“நகருடா” என்று கத்தியிருக்கலாம். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

12:16.

நிழல் இல்லை.

மாலை 5:40. சூரமங்கலத்தில், அவன் வீட்டு முன்னால் அவனை இறக்கிவிட்டேன். வெயில் சாய்ந்திருந்தது. வாசல் கேட்டுக்கு நிழல். வண்டிக்கு நிழல். அவனுக்கு…

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

விடிந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை.

நண்பகலில், வரைபடத்தை அனுப்பாமல், அவன் உடலருகே உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. ஜெகதீஸ்வரன். பின்னால் ரிக் இரைச்சல்.

“ஏனுங்க, உங்க கூட்டாளிய வந்து கூட்டிக்கிட்டுப் போறீங்களா இல்லீங்களா? வட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு ரிக்க உள்ள உடமாட்டேங்கறாரு. கூப்பிட்டா பதிலுமில்ல.”

மணி பார்த்தேன். 12:16.

அவன் முகத்தைப் பார்த்தபடியே கேட்டேன்.

“அவனுக்கு நிழல் இருக்குதுங்களா?”

ரிக் இரைச்சல் நின்றது.

“நீட்டமா இருக்குதுங்க… என்ர காலுகிட்ட வந்துருச்சுங்க.”